அட்டை கிழிந்த இதழில் வந்த தொடர்

பிப்ரவரி 2

அன்புள்ள அத்தைக்கு,

உன் வாலு எழுதுகிறேன். நான் நலம். மற்றவர்கள் நலமா என்பது, நான் அவர்களோடு எவ்வளவு நேரம் இருந்தேன் என்பதைப் பொறுத்தது.

நீ தையல்கார அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போன தாள் பத்திரமாக என் கணக்கு நோட்டுக்குள் இருக்கிறது. அந்த நோட்டை வீட்டில் யாரும் திறக்க மாட்டார்கள், நான் உட்பட. எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த விடுதி என்று வரி ஆடாமல் எழுதியிருக்கிறாய். எக்ஸ்ரே எடுக்கிற கை அல்லவா. அட்லஸில் ஆசியாப் பக்கத்தைப் பிரித்து உன் எட்டு ஊர்களையும் பென்சிலால் சேர்த்துப் பார்த்தேன். அப்பாவின் கேன்டீனில் பூனை கொதிக்கிற அண்டாவைச் சுற்றிப் போகுமே, அந்த மாதிரி ஒரு கோடு வந்தது.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று என் புது மாமா கேட்டால் காரணம் இரண்டு என்று சொல். ஒன்று, வீட்டுப் போனில் நீ கூப்பிட்டால் அப்பா எடுப்பார், உன் குரல் கேட்டதும் வைப்பார். இரண்டு, என் போன் பரணில் இருக்கிறது. கணக்கு சாருக்கு அன்று பிறந்தநாள் என்று என் போனிலிருந்து வகுப்பு முழுக்க ஒரு செய்தி பரவியது. பீரியடு முழுக்க வாழ்த்திலேயே ஓடியது. கடைசியில் அவரே எழுந்து நன்றி சொன்னார். பிறகு வீட்டுக்குப் போய்ச் சான்றிதழைப் பார்த்திருக்கிறார் போல. மறுநாள் அப்பாவை வரச் சொல்லிவிட்டார்.

இனி வீட்டு நிலவரம். அப்பா இன்னும் உன் பேச்சை எடுக்கவில்லை. அம்மா பழக்கதோஷத்தில் நான்கு தட்டு வைத்தால், நான்காவதை எடுத்துத் தானே அடுக்கில் கவிழ்க்கிறார். திட்டுவதுகூட இல்லை. போன வாரம் அம்மா மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏப்ரல் இருபத்தாறு திரும்பி வர்றாங்களாம்."

"யாரு?"

"உங்க தங்கச்சியும் அவரும்தான்."

"வரட்டும். ஊருக்கு வர்றவங்களை நான் தடுக்க முடியுமா? இந்த வாசப்படி மட்டும் ஏற வேண்டாம்னு சொல்லு."

சொல்லிவிட்டுச் சாதத்தைப் பிசைந்தார். கல் இருந்தால்கூட அன்று மசிந்திருக்கும்.

உன் மேலும் தப்பு இருக்கிறது அத்தை. பதினோரு வருஷம் மாமா ஓட்டிய பஸ்ஸில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாய். டிக்கெட் வாங்கியது கண்டக்டரிடம், மனசைக் கொடுத்தது டிரைவரிடம் என்று ஒரு நாளாவது வாயைத் திறந்தாயா? பதிவாளர் ஆபீசில் கையெழுத்துப் போட்டது டிசம்பரில் ஒரு புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று இருந்தாய். வெள்ளிக்கிழமையே மில் ஃபிட்டர் கேன்டீன் வரிசையில் தட்டோடு நின்று கேட்டுவிட்டார்: "என்ன மாஸ்டர், தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணிட்டு ஒரு ஸ்வீட்கூட இல்லையா?" அப்பா அவருக்கு வழக்கமான அளவில் சாதம் போட்டிருக்கிறார். பின்னால் நின்ற எல்லோருக்கும் போட்டிருக்கிறார். கடைசி ஆள் வரைக்கும் பரிமாறிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து உன்னைக் கேட்டார். நீ ஆமாம் என்றாய். அவர் சரி என்றார். அந்தச் 'சரி'யோடு நிற்கிறது.

ஏப்ரல் இருபத்தாறு நீ பெட்டியோடு வந்து இறங்கும்போது நம் வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும். இது என் ஆசை. அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. தெரியாத விஷயத்தில்தான் நான் கெட்டி.

நீங்கள் பார்த்தது, தின்றது, தின்று விழித்தது எல்லாம் எழுது. தையல்கார அக்கா கடைக்கு அனுப்பு. ரவிக்கை அளவு கொடுக்கப் போகிற மாதிரி போய் வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
நான்காவது தட்டின் காவலாளி

*

பிப்ரவரி 13

என் வாலுக்கு,

உன் கடிதம் எனக்கு முன்னால் விடுதிக்கு வந்து காத்திருந்தது. படித்துச் சிரித்து, அந்த ஃபிட்டர் இடத்தில் மட்டும் நிறுத்திவிட்டேன். அண்ணன் கரண்டியோடு நின்றிருப்பார் என்பதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். இது துறைமுக ஊர். தெருவுக்குப் பத்துச் சாப்பாட்டுக் கடை. பாஷை தெரியாது, எழுத்தும் தெரியாது. உன் மாமா பக்கத்து மேசைக்காரரின் கிண்ணத்தைக் காட்டி, "அதே மாதிரி ரெண்டு" என்று விரலால் சொன்னார். கடைக்காரப் பெண் என்ன புரிந்துகொண்டாளோ, அந்த மனிதரிடம் போய் ஏதோ சொன்னாள். அவர் எழுந்து, தன் கிண்ணத்தையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கே வந்துவிட்டார். மூன்று பேரும் ஒரே கிண்ணத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் பாதியை எங்களுக்குத் தள்ளிவிட்டார். மாமா பையிலிருந்த கடலை உருண்டையைக் கொடுத்தார். அவர் அதைக் கடித்துப் பார்த்துவிட்டுப் பல்லைத் தடவினார். நட்பாகத்தான் பிரிந்தோம்.

மாமாவுக்கு ஒரு வியாதி இருப்பது இப்போதுதான் தெரிகிறது. பயணியாக உட்காரத் தெரியவில்லை. எந்த பஸ்ஸில் ஏறினாலும் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வருகிறது. இருபத்தொன்பது வருஷப் பழக்கம். நேற்று மலைப்பாதையில் ஒரு வளைவில் இரண்டு காலாலும் அழுத்திவிட்டார். முன்சீட்டு அம்மா திரும்பி முறைத்தாள். இறங்கும்போது டிரைவரிடம் போய்க் கைகுலுக்கினார். "ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஓட்டினோம்" என்கிறார்.

ஊரில் ஒரு பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு படி. மேலே ஏறினால் மூடுபனி. ஒன்றும் தெரியவில்லை. "பாதி இருட்டில் தெரியாததைப் பார்க்கறதுதானே உன் வேலை, பார்த்துச் சொல்லு" என்றார் மாமா.

அண்ணன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் என் அலமாரியில் இரண்டாவது தட்டில், பழைய புடவைக்குப் பின்னால் இருக்கிறது. நான் சொன்னதாகச் சொல்லாமல் எடுத்துக் கொடு. இங்கே ஒரு சமையல்காரர் பெரிய கரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் காற்று வாங்கினார். அண்ணன் நிற்கிற மாதிரியே. நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் என்னை வாடிக்கையாளர் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டார். வயிறு நிறைந்திருந்தும் போய் உட்கார்ந்தேன்.

அண்ணி கேட்டால் நான் நன்றாகத் தூங்குகிறேன் என்று சொல்.

அன்புடன்,
அத்தை

*

பிப்ரவரி 24

அத்தை,

முதலில் உட்கார். கோபப்படுகிறவர்கள் உட்கார்ந்து கோபப்படுவது உடம்புக்கு நல்லது.

உன் கடிதத்தை நூலகத்திலிருந்து எடுத்த ஓர் இதழுக்குள் ஒளித்து வைத்துச் சாப்பிடும்போது படித்துக்கொண்டிருந்தேன். அட்டை கிழிந்த இதழ், பெயரே தெரியாது. அப்பா சட்டென்று நிமிர்ந்தார்.

"சாப்பிடும்போது என்ன படிப்பு?"

"தொடர்ப்பா. பயணத் தொடர்."

"அதுல என்ன?"

"ஒரு ஜோடி ஊர் ஊராப் போய்ச் சுத்திப் பார்த்துச் சாப்பிடறாங்க."

"சாப்பிடறதை எல்லாம் கதையா எழுதறாங்களா? படி, கேப்போம்."

அம்மா முழுப் பச்சைமிளகாயைக் கடித்த மாதிரி என்னைப் பார்த்தாள். நான் படித்தேன். வேறு வழி? உன்னை டீச்சரம்மா ஆக்கினேன். மாமாவைப் படகுக்காரர் ஆக்கினேன். பக்கத்து மேசைக்காரர் கிண்ணத்தோடு வந்த இடத்தில் அப்பா, "நல்ல மனுஷன்" என்றார். எல்லாம் ஒழுங்காகப் போனது. மலைப்பாதை வந்தது. வலது கால் வந்தது.

"படகுக்கு ஏது பிரேக்?" என்றார் அப்பா.

"முன்னாடி லாரி ஓட்டினாராம்பா, போன இதழ்ல வந்துது" என்று பூசி மெழுகினேன். அதோடு படகுக்காரர் கரையேறி லாரிக்காரர் ஆகிவிட்டார். "ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஓட்டினோம்" என்று படித்ததும் அப்பா சிரித்தார் அத்தை. வாயில் சோறு இருந்ததால் சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. டிசம்பருக்குப் பிறகு அந்தத் தோள் குலுங்குவதை இப்போதுதான் பார்க்கிறேன். அம்மா தண்ணீர் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை.

உன் கடிதத்தில் 'அண்ணன்' வருகிற வரிகளை எல்லாம் பாண்டி விளையாடுகிற மாதிரி தாண்டித் தாண்டிப் படித்தேன். ஒரு கோட்டையும் மிதிக்கவில்லை. தைலத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். "எங்கேயிருந்து கிடைச்சுது?" என்றார். "தேடினேன்" என்றேன். பொய் இல்லை.

"அடுத்தது எப்ப வரும்?" என்று கைகழுவும்போது கேட்டார்.

"மாசம் ரெண்டு தடவைப்பா."

ஆக, நீ ஊர் சுற்றுகிறாய், நான் காதில் பூ சுற்றுகிறேன். நிறைய எழுது. சமையல் வந்தால் பக்குவத்தோடு எழுது. உன் வாசகர் தொழில்காரர்.

இப்படிக்கு,
துணை ஆசிரியை, பெயர் தெரியாத இதழ்

*

மார்ச் 6

வாலு,

உன் காதைப் பிடித்துத் திருக வேண்டும். கை எட்டவில்லை. அண்ணனை ஏமாற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தடவை நான் மறைத்தது போதும். ஆனால் அந்தத் தோள் குலுங்கியதை நான்கு முறை படித்தேன். மாமா, "இன்னொரு தடவை படி" என்றார். ஐந்தாவது முறையும் படித்தேன்.

இப்போது இருப்பது ஆற்றங்கரை ஊர். காலையில் படகிலேயே சந்தை. காய்கறிப் படகு, பழப் படகு, பானைப் படகு எல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. மாமா ஒரு சிவப்புப் பழத்தைக் காட்டி, "புளிக்குமா?" என்று முகத்தைச் சுளித்துக் கேட்டார். படகுக்காரம்மா இல்லை என்று தலையாட்டினாள். கடித்தார். புளிக்கவில்லை, அது மட்டும் உண்மை. கசந்தது. அவர் கேட்டதற்குத்தானே அவள் பதில் சொன்னாள். மிச்சத்தை அவள் முன்னால் துப்பக் கூச்சப்பட்டு முழுங்கிவிட்டார்.

கரையில் ஒரு சூப் கடை. காலை பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். மூன்று நாள் தொடர்ந்து போனதில் அந்தக் கடைக்காரி என்னை அடுப்புப் பக்கம் உட்கார விட்டாள். அண்ணனுக்காகவே ஒன்றுவிடாமல் பார்த்தேன். முழு வெங்காயத்தையும் இஞ்சியையும் தோலோடு தணலில் போட்டு வெளிப்பக்கம் கரியாகும் வரை சுடுகிறாள். கரியைத் தட்டிவிட்டு, எலும்பு கொதிக்கிற பானையில் போடுகிறாள். அதற்கப்புறம் கரண்டியே விடுவதில்லை. மூடி பாதி திறந்தே இருக்கிறது, நுரையை மட்டும் எடுக்கிறாள். தண்ணீர் மாதிரி தெளிவாக வருகிறது, வாயில் வைத்தால் அவ்வளவு ருசி. அரிசிமாவு நூடுல்ஸும் மீன் துண்டும் போட்டுக் கொடுக்கிறாள். மாமா தன் கிண்ணத்து மீனை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார். "எனக்கு மீன் பிடிக்காது" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் இந்த மனிதர் மீனைப் பற்றியே ஒரு மணிநேரம் பேசியிருக்கிறார்.

இனி எழுதுவதைத் தொடரில் சேர்க்காதே. ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்டாய். அண்ணன் கத்துவார் என்று பயந்து இல்லை. அவர் கத்த மாட்டார். 'வேண்டாம்மா' என்று ஒரு வார்த்தை சொல்வார். அவர் வேண்டாம் என்று சொன்னால் நான் கேட்டுவிடுவேன். இந்த நாற்பத்தாறு வருஷத்தில் அவர் வேண்டாம் என்றதை நான் ஒன்றுகூடச் செய்ததில்லை. அதனால்தான் அவரைக் கேட்கவே இல்லை.

அத்தை

*

மார்ச் 17

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் தொடருக்கு ஏகப்பட்ட வரவேற்பு. வாசகர் எண்ணிக்கை ஒன்றிலிருந்து முந்நூறாகிவிட்டது. எப்படி என்று கேள்.

வெங்காயத்தைச் சுடுகிற இடத்தில் அப்பா பிசைவதை நிறுத்திவிட்டார். "கரி கசக்குமே. கசக்கலையாமா?" என்றார். "இல்லையாம்பா." "தெளிவா வருதாமா? கரண்டியே போடாமயா?" மறுபடி அந்தப் பத்தியைப் படிக்கச் சொன்னார். மூன்றாம் நாள் கேன்டீனில் ஒரு கூடை வெங்காயத்தை அடுப்புக்குள் தள்ளியிருக்கிறார். கூட வேலை செய்கிறவர்கள் மாஸ்டருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மேனேஜருக்கு ஆள் அனுப்பிவிட்டார்களாம். மேனேஜர் வந்து, ஒரு டம்ளர் குடித்து, பேசாமல் இன்னொரு டம்ளர் நீட்டியிருக்கிறார். ஃபிட்டர் மூன்று டம்ளர். அவருக்கு அப்பாவே ஊற்றினாராம். அம்மா இதைக் கேட்டு, "அவனுக்கா ஊத்தினீங்க?" என்றாள். "அவன் என்ன பண்ணுவான், கேள்விதானே கேட்டான்" என்றார்.

இப்போது என் சங்கடத்துக்கு வருகிறேன். மீன் துண்டு இடத்தில் அப்பா, "இவன் நல்லவன்" என்றார். மாமாவை. நேராக. 'பஸ்' என்ற வார்த்தை என் வாய் வரை வந்துவிட்டது, முழுங்கினேன். ஆனால் டீச்சரம்மாவை அவருக்குப் பிடிக்கவில்லை.

"இவ்வளவு ஊர் போறா, வீட்டை ஒரு தடவைகூட நினைக்கலையே. கல் நெஞ்சா?"

நான்தான் வெட்டினேன் அத்தை. பக்கத்துக்கு ஒரு தடவை அண்ணன், அண்ணன் என்று எழுதியிருக்கிறாய். எல்லாவற்றையும் நானே தாண்டிவிட்டு, இப்போது நீ கல் நெஞ்சுக்காரி ஆகி உட்கார்ந்திருக்கிறாய். இதுவரை நான் செய்த எந்தக் குறும்பிலும் யாருக்கும் கெட்ட பெயர் வந்ததில்லை, எனக்கு வந்ததைத் தவிர.

அதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தொடர் எழுதுகிற அம்மாவுக்குக் கடிதம் எழுதி, "தபால்ல போடு" என்று என்னிடம் கொடுத்தார். போட்டேன். உனக்கு. இதோ கூடவே இருக்கிறது.

இப்படிக்கு,
சிரிப்பு வராத வாலு

*

தொடர் எழுதும் அம்மாவுக்கு,

வணக்கம். நான் ஒரு மில் கேன்டீனில் சமையல் மாஸ்டர். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. என் மகள் படிக்க உங்கள் தொடரைக் கேட்டு வருகிறேன்.

வெங்காயம் சுட்டுப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் எழுதியது சரி. முந்நூறு பேருக்குச் செய்யும்போது இஞ்சி பாதி போதும். இல்லாவிட்டால் தொண்டையைப் பிடிக்கும்.

லாரிக்காரர் அந்த அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். தன் கிண்ணத்து மீனை எடுத்து வைக்கிறவன் தப்பானவனாக இருக்க மாட்டான். பரிமாறுகிற தொழிலில் நான் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு குறை. அந்த டீச்சரம்மாவுக்கு ஊரில் யாரும் இல்லையா? இருந்தால் ஏன் எழுதவில்லை? அவர் கல்யாணத்துக்கு யார் சமைத்தார்கள், என்ன போட்டார்கள் என்றும் நீங்கள் சொல்லவில்லை. சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவர் அதை விட்டிருக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

*

மார்ச் 28

வாலு,

அண்ணன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று. கேன்டீன் பலகையில் அன்றைய சாப்பாட்டை எழுதுகிற அதே எழுத்து.

இந்தத் தீவில் பார்க்க நிறைய இருக்கிறது என்றார்கள். குகைக்குள் படகு போகிறது, கடற்கரையில் கணவாயைக் கம்பியில் குத்திச் சுட்டுத் தருகிறார்கள். நேற்று எங்கேயும் போகவில்லை. விடுதித் திண்டில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "தப்பானவனாக இருக்க மாட்டான்" என்ற இடத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நான் இல்ல. அந்த லாரிக்காரன்" என்றார்.

"நீங்கதானே?"

"பஸ்காரனைப் பத்தி உங்க அண்ணன் இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

பிறகு கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி, மடிப்புக் குலையாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். சாப்பிடப் போகலாம் என்று கூப்பிட்டேன், பசிக்கவில்லை என்றார். அந்த மனிதருக்குப் பசிக்காமல் நான் பார்த்ததே இல்லை.

அண்ணன் கேட்டதற்குப் பதில் இது. என் கல்யாணத்துக்கு யாரும் சமைக்கவில்லை. பதிவாளர் ஆபீசுக்கு எதிரே ஒரு டீக்கடை. ஆளுக்கொரு டீ, ஒரு பன்னில் பாதிப் பாதி. சாட்சிக் கையெழுத்துப் போட்ட கண்டக்டர் பன்னும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு டியூட்டிக்கு ஓடிவிட்டார். வாயில் வைத்தபோதுதான் அண்ணன் ஞாபகம் வந்தது. முழுங்க முடியவில்லை. மாமா பன் காய்ந்து போயிருக்கிறது என்று நினைத்தார்.

பொய்யில் நடந்து நான் அந்த வாசல் வரைக்கும் வர மாட்டேன். தொடரை நிறுத்து. நீ வெட்டியதை எல்லாம் எடுத்து ஒன்றுவிடாமல் அண்ணனிடம் படி. இந்தக் கடிதத்தையும் படி. டீச்சரம்மா இல்லை, லாரி இல்லை. அவர் அதற்கப்புறமும் படியேற வேண்டாம் என்றால் ஏற மாட்டேன். அவர் வேண்டாம் என்பார் என்று தெரிந்தும் அவரைக் கேட்காமல் ஒன்றைச் செய்தது ஒரு தடவைதான். இரண்டாவது தடவை செய்யத் தெரியாது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அத்தை

*

ஏப்ரல் 8

அத்தை,

படித்துவிட்டேன்.

நடந்தபடியே எழுதுகிறேன். அப்பா கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "தொடர் வந்துடுச்சா?" என்றார்.

"வந்துதுப்பா. ஆனா இது விட்டுப்போன பகுதி."

"என்னது விட்டுப்போச்சு?"

"படிக்கிறேன், கேளுங்க."

இதழை எடுக்கவில்லை. உன் கடிதங்களையே கையில் வைத்துக்கொண்டு, நான் தாண்டியதை மட்டும் வரிசையாகப் படித்தேன். அண்ணன் முட்டிவலி எப்படி இருக்கிறது. தைலம் என் அலமாரியில் இரண்டாவது தட்டில். சமையல்காரர் கரண்டியைச் சாய்த்துக்கொண்டு நின்றார், அண்ணன் நிற்கிற மாதிரியே. அண்ணனுக்காகவே ஒன்றுவிடாமல் பார்த்தேன். அம்மா அடுக்களை வாசலில் அசையாமல் நின்றாள். வேண்டாம் என்று சொன்னால் கேட்டுவிடுவேன் என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு முடித்தேன். டீக்கடையையும் படித்தேன்.

அப்பா கை தட்டிலேயே இருந்தது.

"அந்த லாரிக்காரன்..." என்றார்.

"பஸ்ஸுப்பா."

"புரியுது. படகுன்னப்பவே உன்னை ரெண்டு போட்டிருக்கணும். குடு இங்க."

எல்லாக் கடிதங்களையும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார். சாப்பாட்டு வேளைக்கும் டீ வேளைக்கும் நடுவில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து படித்தாராம். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. பேசாமலே தண்டனை மட்டும் கொடுத்தார்: பள்ளிக்கூடம் விட்டதும் கேன்டீனுக்குப் போய் வெங்காயம் உரிக்க வேண்டும். முந்நூறு பேருக்கு. அழுவதற்கு ஒரு சௌகரியம் இருந்தது, யாரும் காரணம் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் கடிதங்கள் திரும்பி வந்தன. ஓரமெல்லாம் மஞ்சள் கறை, கட்டைவிரல் அளவில். அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. விழுகிற தூரத்தில்தான் காதை வைத்திருந்தேன்.

"யார் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ லீவு போட்டுட்டுப் போய் ஆக்கிப் போட்டிருக்கேன். என் கூடப் பொறந்தவ பாதிப் பன்னைத் தின்னுட்டுக் கல்யாணம் பண்ணிருக்கா."

"நீங்கதான் சம்மதிச்சிருக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்தான்." தட்டை அடுக்குகிற சத்தம் கேட்டது. "அதுக்காகப் பன்னா?"

இன்று காலையில் என்னிடம் ஒரு தாள் கேட்டார். கணக்கு நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்தேன், அந்த நோட்டுக்கு முதல்முறையாக ஓர் உபயோகம். எழுதி, சோற்றுப் பருக்கையால் நான்கு பக்கமும் ஒட்டிக் கொடுத்தார். நான் பிரித்துப் பார்க்கவில்லை. பிரிக்க முயன்றேன், நன்றாகவே ஒட்டியிருக்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது அத்தை. முதல்முறையாக எனக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது. நல்ல சேதியாக இருந்தால் எழுது. இல்லாவிட்டாலும் எழுது.

இப்படிக்கு,
வெங்காய வாலு

*

தங்கச்சிக்கு,

எல்லாம் படித்தேன்.

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். போகவில்லை. என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். நீ நினைத்தது சரி. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

நீங்கள் வந்து இறங்குகிற வாரக் கடைசி ஞாயிறு மில்லுக்கு விடுமுறை. அடுப்பும் அண்டாவும் சும்மா இருக்கும். மேனேஜரிடம் கேட்டுவிட்டேன், எடுத்துக்கொள் என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர் என்று உடனே எழுது. குத்துமதிப்பாக எழுதாதே. தலை தெரியாமல் நான் உலை வைப்பதில்லை.

முட்டி பரவாயில்லை.

அண்ணன்

*

ஏப்ரல் 17

அண்ணா,

அவருடைய அக்கா, அக்கா வீட்டுக்காரர், பிள்ளைகள் மூன்று பேர். அக்காவின் மாமியார் ஒருவர், பல் இல்லை, அவருக்கு மட்டும் சாதம் குழைய வேண்டும். டிப்போவில் கூட வேலை பார்த்தவர்கள் ஏழு பேர். அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட கண்டக்டரும் உண்டு, அன்றைக்கு ஒன்றும் சாப்பிடாமல் போனவர், நிறையச் சாப்பிடுவார்.

மாப்பிள்ளையோடு சேர்த்துப் பதினான்கு. நான் இரண்டு தடவை எண்ணினேன். அவர் விரல் விட்டு ஒரு தடவை எண்ணினார். குத்துமதிப்பு இல்லை.

என்னை இதில் சேர்க்கவில்லை. நான் நம் வீட்டுக் கணக்கு.

உங்கள் தங்கச்சி